ஓடாத மீட்டரும் ஒழுங்கான கோப்பும்: பெங்களூரில் ஒரு பழைய மெர்சிடிஸ் கைமாறிய விதம்

ஆய்வுக்கு உரிய வண்டி 1996ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் பென்ஸ் இ220. பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர், அடர்நீலம், இந்திராநகர் அலுவலகத்தின் கேஏ-03 பதிவு. விற்பவர் காக்ஸ் டவுனில் வசிக்கும், எழுபதைக் கடந்த அம்மையார். பீனியாவில் இயந்திரக் கருவிப் பட்டறை நடத்திய அவருடைய கணவர்தான் வண்டியைப் புதிதாக வாங்கியவர், 2019இல் காலமாகிவிட்டார். வாங்க வந்தவர் கோவையிலிருந்து வந்து ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர். நான் மோட்டார் காப்பீட்டு சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவன். வாங்குபவர் தரப்பில் வண்டியையும் காகிதங்களையும் பார்த்துச் சொல்ல என்னை அழைத்தார்கள். இது 2025இன் பிற்பகுதியில் நடந்தது. இரு தரப்பும் எழுதச் சம்மதித்தார்கள்; பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

புரோக்கர் வண்டியை அறிமுகப்படுத்தியது இப்படி: ஒரே உரிமையாளர், அறுபத்தோராயிரம் கிலோமீட்டர், உள்ளூர் வண்டி, பெயிண்ட் புதிதாக இருக்கிறது, ஒன்பதரை லட்சம். இந்த ஐந்தில் எது உண்மை, எது பாதி உண்மை, எது பொய் என்று பிரிப்பதுதான் என் வேலையாக இருந்தது.

ஏன் இந்த மாடல்?

மெர்சிடிஸ்காரர்கள் டபிள்யூ124 என்று குறிப்பிடும் இந்த வரிசை 1984இல் வெளிவந்தது. அப்போது அந்த நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவராக இருந்தவர் புரூனோ சாக்கோ. எல்லா வடிவங்களையும் சேர்த்து உலகில் 25 லட்சத்துக்கு மேல் தயாரானது. மெர்சிடிஸ் 1994இல் இந்தியாவில் நிறுவனம் தொடங்கியபோது, புனேயில் டெல்கோவின் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) இடத்தில் முதலில் பூட்டி இறக்கியதும் இதைத்தான். 1995இல் விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியில் அதற்குள் அடுத்த மாடல் வந்துவிட்டதால், பழசை நமக்குத் தள்ளிவிட்டார்கள் என்று அந்நாளில் முணுமுணுப்பு இருந்தது. முப்பது ஆண்டு கழித்துப் பார்த்தால், தள்ளிவிடப்பட்டதே நல்லதாயிற்று. பிறகு வந்த மாடலின் தகடு துருப்பிடித்த அளவுக்கு இதன் தகடு துருப்பிடிப்பதில்லை.

எஞ்சின் 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 150 குதிரைத்திறன். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். பின்பக்கச் சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து இணைப்புக் கம்பிகள் பிடித்திருக்கும். குழிகளின் மேல் அந்த வண்டி நடந்துகொள்ளும் பாங்குக்கு அதுதான் காரணம். முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். அது நேராகச் சுழலாமல் மூலைகளுக்கு நீண்டு நடுவில் சுருங்கி, கண்ணாடியின் 86 சதவீதத்தைத் துடைத்துவிடும். அந்த நீண்டு சுருங்கும் பொறிக்குள் கிரீஸ் காய்ந்துவிட்டால் மோட்டாரே எரிந்துபோகும் என்பதை விற்பனைப் பிரசுரங்கள் சொல்வதில்லை.

சட்டத்தின் பக்கமும் ஒரு காரணம் உண்டு. 2021இல் வந்த விதிகளின்படி ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்குத்தான் விண்டேஜ் தகுதி. முப்பது வயது வண்டியை நாம் கிளாசிக் என்று கொஞ்சலாம். போக்குவரத்துத் துறைக்கு அது வெறும் பழைய கார். 2025 ஆகஸ்டிலிருந்து இருபது ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 10,000 ரூபாய். அதே வயதில் இறக்குமதி செய்த காராக இருந்தால் 80,000. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டிய தொகை இது. வாங்குபவர் முதலில் ஆசைப்பட்டது இறக்குமதியான ஒரு பெரிய எஸ் வகுப்பு வண்டிக்கு. இந்த எட்டு மடங்கு வித்தியாசத்தைக் காட்டியபோதுதான் புனே வண்டியின் பக்கம் திரும்பினார்.

கைவிட்ட இரண்டு வண்டிகள்

காக்ஸ் டவுனுக்கு வருமுன் வேறு இரண்டு இ220களை அவர் பார்த்திருந்தார். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டெல்லி வண்டி மூன்றரை லட்சம். மலிவுக்குக் காரணம் ஊரறிந்தது. பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் பத்தாண்டு கடந்த டீசல் வண்டியும் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது; உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதிசெய்தது. அங்கே விற்க முடியாதது தெற்கே வருகிறது. வருவதற்குத் தடையில்லாச் சான்று வேண்டும், வந்தபின் கர்நாடகத்தில் வாழ்நாள் வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். அந்த வியாபாரியிடம் சான்றைக் கேட்டபோது, "பணம் வந்ததும் வாங்கித் தருகிறோம்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மும்பை வண்டி பார்வைக்கு மூன்றிலும் அழகானது. வொர்லியில் கடலைப் பார்த்து நின்ற வண்டி. இந்த மாடலில் கதவுகளின் கீழ்ப்பாதியை மூடி பிளாஸ்டிக் பலகை இருக்கும். அதில் ஜாக் வைக்கும் இடங்களுக்குச் சிறு மூடிகள் உண்டு. அந்த மூடியைக் கழற்றச் சொல்லி வீடியோவில் பார்த்தோம். உள்ளே விரல் நுழையும் ஓட்டை. மேலே எத்தனை முறை பாலிஷ் போட்டிருந்தாலும் இந்த வண்டியின் ஜாதகம் எழுதியிருப்பது அந்த மூடிக்குள்தான்.

காக்ஸ் டவுன் வண்டி

மூடிய ஷெட்டில், மரப்பலகைகளின் மேல் நின்றிருந்தது. நான்கு ஜாக் மூடிகளையும் கழற்றினேன். உள்ளே தொழிற்சாலை மெழுகுகூட மிச்சம் இருந்தது. பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவியை எல்லாத் தகடுகளிலும் வைத்துப் பார்த்ததில், இடது பின்கதவைத் தவிர மற்றவை 100க்கும் 150க்கும் இடைப்பட்ட மைக்ரான். அது தொழிற்சாலைப் பெயிண்டின் அளவு. பின்கதவு 280 காட்டியது. ஒருமுறை டிங்கரிங் செய்து பூசியிருக்கிறார்கள். அம்மையாரைக் கேட்டதும், "பள்ளிக்கூட வேன் இடித்தது, 2003 இருக்கும்" என்று தயங்காமல் சொன்னார். கோப்பில் பில் இருந்தது.

டிரைவர் இருந்தவரை வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டிருக்கிறார். 2021க்குப் பிறகு அதுவும் இல்லை. பத்து நிமிடம் நின்றபடி ஓடும் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது. எரிந்த பெட்ரோலின் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். இப்படி அன்பு காட்டியே சைலன்சரை உள்ளிருந்து துருவேற்றிய வண்டிகளை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கும் பின் சைலன்சர் போயிருந்தது.

எனக்கு முதல் சந்தேகம் வந்த இடம் கிளட்ச் மிதி. அதன் ரப்பரில் வரிகள் அறவே தேய்ந்து வழுவழுப்பாக இருந்தன. அறுபத்தோராயிரம் கிலோமீட்டரில் ஒரு டிரைவரின் கால் அவ்வளவு தேய்க்காது. டிரைவர் இருக்கையின் வலது ஓரமும் அதையே சொன்னது. மீட்டரைத் திருகிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் திருகும் மனிதன் மிதி ரப்பரையும் மாற்றியிருப்பான். சில நூறு ரூபாய்ச் சாமான் அது.

கோப்பைக் கேட்டேன். அம்மையார் கொண்டுவந்து வைத்தது ஒரு கோப்பன்று, மூன்று. 1996 முதல் 2018 வரை எல்லா சர்வீஸ் பில்களும் தேதிவாரியாகத் துளையிட்டுக் கோர்த்திருந்தன. கூடவே பெட்ரோல் கணக்கு எழுதிய நோட்டுகள். "கணக்கில் எழுதாமல் அவர் ஒரு திருகாணிகூட வாங்கியதில்லை, தம்பி" என்று வாங்குபவரிடம் சொன்னார்.

2008 அக்டோபர் பில்லில் மீட்டர் அளவு 61,412. 2010 மார்ச் பில்லிலும் 61,412. 2012இலும் அதுவே. விஷயம் விளங்கிவிட்டது. இந்த மாடலின் ஓடோமீட்டர் பல்சக்கரங்களால் ஓடுவது. அதில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் வயதானால் வெடித்துவிடும். வேக முள் வழக்கம்போல் ஆடிக்கொண்டிருக்கும், எண் மட்டும் நகராது. சர்வீஸ் செய்தவர்கள் தெரிந்த எண்ணையே ஒவ்வொரு முறையும் பில்லில் எழுதிவந்திருக்கிறார்கள்.

அம்மையாரிடம் காட்டினேன். "மீட்டர் நின்றுபோனது எனக்குத் தெரியாது, சார். நான் பின்சீட்டில் உட்காருபவள்" என்றார். முகத்தில் சங்கடம் தெரிந்தது. புரோக்கருக்குத் தெரிந்திருக்கலாம், அவர் அன்றைக்கு அதிகம் பேசவில்லை.

வண்டி உண்மையில் ஓடிய தூரம் எவ்வளவு? பெட்ரோல் நோட்டுகள் இங்கே கைகொடுத்தன. மீட்டர் ஓடிய காலத்தில் அந்த மனிதர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மாதந்தோறும் வகுத்து எழுதியிருந்தார், சராசரி ஒன்பது. நின்ற பிறகு தூரத்தை எழுத முடியவில்லை, ஆனால் லிட்டரை எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. 2008 இறுதி முதல் 2018 வரை சுமார் 5,800 லிட்டர். ஒன்பதால் பெருக்கினால் ஏறக்குறைய 52,000 கிலோமீட்டர். ஆண்டுக்கு ஐயாயிரத்துச் சொச்சம். மீட்டர் ஓடிய முதல் பன்னிரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஐயாயிரம்தான். இரண்டும் பொருந்துவதால் ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் என்ற மதிப்பீட்டை நான் ஏற்றுக்கொண்டேன்.

வாங்குபவர் இங்கே பின்வாங்கப் பார்த்தார். ஏமாற்றப்பட்டோமோ என்ற எண்ணம் அவருக்கு. எனக்கோ அதற்குப் பிறகுதான் வண்டியின் மேல் நம்பிக்கை கூடியது. அறுபத்தோராயிரம் என்ற எண்ணை மட்டும் வைத்திருந்த வண்டியாக இருந்தால் அதன் இருபத்திரண்டு ஆண்டுகளைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. இந்த வண்டி ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் ஓடியது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும், பிரேக் வட்டுக்கும், ரேடியேட்டருக்கும் காகிதம் இருக்கிறது. இந்த எஞ்சினுக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டல்ல.

எஞ்சின் வயரிங்

பில்கள் சொல்லாமல் சொன்ன இன்னொன்றும் இருந்தது. 2011இல் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பகுதியின் மின் இயக்கியை மாற்றியிருக்கிறார்கள். ஐட்லிங், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம், ஏறி இறங்குகிறது என்று புகார். இந்தப் பில்லைப் பார்த்ததும் நான் எஞ்சின் வயரிங்கைத் திறக்கச் சொன்னேன்.

1990களின் முதல் பாதியில் மெர்சிடிஸ் எஞ்சின்களில் போட்ட வயரிங்குக்கு ஒரு வியாதி உண்டு. மக்கிப்போகக்கூடிய பொருளால் கம்பியுறை செய்தார்கள். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற எண்ணம். பானெட்டுக்குள் இருக்கும் சூட்டில் அந்த உறை வண்டியில் இருக்கும்போதே மக்க ஆரம்பித்துவிட்டது. உறை உதிர்ந்து இரண்டு கம்பிகள் தொட்டுக்கொண்டால், ஐட்லிங் கோளாறில் தொடங்கி எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியே எரிந்துபோவதில் முடியும். திராட்டில் இயக்கிக்குள் இருக்கும் கம்பிகளும் அதே ரகம். ஆகவே 2011இல் மாற்றியது நோயின் ஒரு கிளையை மட்டும்.

வண்டியை ரெக்கவரி வண்டியில் ஏற்றி வில்சன் கார்டனில் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக், தண்ணீர்ச் சூடு காட்டும் சென்சாருக்குப் பக்கத்தில் கருப்பு மேலுறையை ஓர் அங்குலம் பின்னுக்குத் தள்ளி, கம்பியை மெல்ல வளைத்தார். உறை பொடிப்பொடியாகக் கையில் விழுந்தது. புது வயரிங் வரும்வரை சாவியைத் திருப்ப வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

லிஃப்டில் ஏற்றிப் பார்த்த மற்றவை எதிர்பார்த்தபடியே. நின்ற வண்டியில் கெடுவது ரப்பர்தான். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் இரண்டு முனைகளிலும் இருக்கும் ரப்பர் வட்டுகள் வெடித்திருந்தன. எஞ்சின் மவுண்டிங் அமுங்கிவிட்டது. பெட்ரோல் ஹோஸ்கள் விறைத்திருந்தன. இப்போது பம்புகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், அவற்றை எத்தனாலைத் தாங்கும் ரகத்தில் மாற்றச் சொல்லி எழுதினேன். டயரின் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கங்களில் கடைசி இரண்டும் 14, அதாவது 2014ஆம் ஆண்டுத் தயாரிப்பு; வரிகள் ஆழமாக இருந்தாலும் அவை வீண். நல்ல வேளையாக 195/65 ஆர்15 என்பது எந்தக் கடையிலும் கிடைக்கும் அளவு.

கதவுகளின் சென்ட்ரல் லாக் காற்றை உறிஞ்சும் பம்பால் இயங்குவது. டிரைவர் கதவைப் பூட்டியபோது மற்ற மூன்றும் டிக்கியும் ஒரே மூச்சில் பூட்டிக்கொண்டன. பம்பும் உடனே நின்றது. எங்கேனும் கசிந்தால் அது அரை நிமிடம் முனகிக்கொண்டே இருக்கும். ஏ.சி. மட்டும் மோசம். கேஸ் தங்கவில்லை, கசிவு டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிரவைக்கும் எவாப்பரேட்டரில். இந்த மாடலில் அதை எடுக்க டாஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். சாமான் விலையைவிடக் கூலி அதிகம் வரும் வேலை.

காகிதங்களின் வரிசை

இந்த நிகழ்வில் இரு தரப்பையும் அதிகம் அலைக்கழித்தது இந்தப் பகுதிதான்.

ஆர்.சி. இன்னும் காலமானவர் பெயரிலேயே இருந்தது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. துக்க வீட்டில் யாருக்கு அந்த நினைப்பு வரும்? அதற்கிடையில் 2021இல் பதிவும் காலாவதியாகிவிட்டது. 1996இல் பதினைந்து ஆண்டு, பிறகு 2011இல் ஐந்து, 2016இல் ஐந்து. அடுத்ததற்கு ஆள் இல்லை.

ஆகவே சட்டப்படி அந்த வண்டியை அம்மையார் விற்க முடியாது, யாரும் தெருவில் ஓட்டிப் பார்க்கவும் முடியாது. பட்டறைக்கு ரெக்கவரி வண்டியில் கொண்டுபோனது அதனால்தான். புரோக்கர் சொன்ன குறுக்குவழி, விற்பனைக்கான பெயர் மாற்றப் படிவங்களான 29, 30ஐக் காலமானவர் கையெழுத்திட்டதாகத் தயாரித்துவிடலாம் என்பது. அதைக் கேட்டதும் அம்மையார், "அவர் கையெழுத்தை அவர்தான் போட வேண்டும்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அதன்பின் புரோக்கரை யாரும் அழைக்கவில்லை.

நான் வகுத்துக் கொடுத்த வரிசை: முதலில் வாரிசு பெயர் மாற்றம், அடுத்து அவர் பெயரில் பதிவுப் புதுப்பிப்பு, அதன்பின் விற்பனை. வாரிசுச் சான்றிதழ் வாங்கினார்கள். மகன் ஜெயநகரில் இருக்கிறார். மகள் டொரன்டோவில், அவருடைய ஒப்புதல் பத்திரம் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகச் சான்றோடு வர ஆறு வாரம் பிடித்தது. பழைய வண்டிகளுக்கும் கட்டாயமாகிவிட்ட உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டை இதற்கிடையில் பதிவு செய்தார்கள். புதுப்பிப்புக் கட்டணம் 10,000. காலாவதியான பிறகு மாதத்துக்கு 500 ரூபாய் என்ற தாமதக் கட்டணம் மட்டும் இருபதாயிரத்தைத் தாண்டியது. ஆய்வுக்கு வண்டி மறுபடி ரெக்கவரி வண்டியில் போனது. ஆய்வாளர் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்து, விளக்கு, பிரேக், புகை பார்த்துக் கையெழுத்திட்டார்.

ஆய்வுக்குப் போக வேண்டுமென்றால் வண்டி ஓட வேண்டும். ஓட வேண்டுமென்றால் வயரிங் போட வேண்டும். இன்னும் சொந்தமாகாத வண்டிக்கு வாங்குபவர் செலவு செய்வதா? இதற்கு ஒரு முத்திரைத்தாள் ஒப்பந்தம் எழுதினோம். முன்பணம் ஒரு லட்சத்து இருபதாயிரம். அது வயரிங்குக்கே போகும். காகிதத்துக்கான எல்லாச் செலவும் விற்பவருடையது. புதுப்பித்த ஆர்.சி. கைக்கு வந்தபின் சாலையில் ஓட்டிப் பார்த்து, கியர்பாக்ஸிலோ எஞ்சின் சூட்டிலோ குறை தெரிந்தால் முன்பணம் முழுவதும் திரும்பும். முன்பின் தெரியாதவர்களுக்கிடையே இப்படி ஒரு நிபந்தனையைச் சொல்ல எனக்கே தயக்கமாக இருந்தது. அம்மையார் படித்துப் பார்த்து, ஒரே ஒரு தேதியைத் திருத்திவிட்டுக் கையெழுத்திட்டார்.

விலை

ரப்பர் சாமான்கள், சைலன்சர், கூலியுடன் 85,000. டயர் 28,000. பிரேக் ஹோஸ், எண்ணெய்கள், வைப்பர் கிரீஸ் முதலியவை 35,000. ஏ.சி. 70,000. வயரிங் 1,20,000. மொத்தம் மூன்று லட்சத்து முப்பத்தெட்டாயிரம். ஒன்பதரையிலிருந்து இதை அப்படியே கழிக்க வேண்டும் என்றார் வாங்குபவர். அது நியாயமில்லை என்றேன். முப்பது வயது வண்டிக்கு டயரும் எண்ணெயும் மாற்றுவது யார் வாங்கினாலும் வரும் செலவு. அதை விற்பவர் தலையில் கட்டக் கூடாது. வயரிங்கும் ஏ.சி.யும் மறைந்திருந்த குறைகள், அவற்றைக் கழிக்கலாம். மீதிக்குப் பேரம் பேசி, முன்பணத்தையும் சேர்த்து ஏழு லட்சத்தில் முடிந்தது. இரு தரப்பும் கொஞ்சம் முகம் சுளித்ததால் விலை சரியாக இருக்கும் என்றே எடுத்துக்கொண்டேன்.

சாலை ஓட்டம் பழைய மெட்ராஸ் ரோடு வழியாக கே.ஆர்.புரம் போய், ஓஸூர் சாலைக்குச் சுற்றி, மாலை ஆறு மணிக்கு சில்க் போர்டு சந்திப்பில் வேண்டுமென்றே மாட்டிக்கொள்வதாக அமைந்தது. ஒரு கூலிங் சிஸ்டத்தைச் சோதிக்க இந்த ஊரில் அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. நாற்பது நிமிடம் ஊர்ந்ததில் ஊசி 80க்கும் 100க்கும் இடையிலேயே நின்றது. மூன்றாவது கியர் குளிர்ந்த எண்ணெயில் சற்று முரண்டியது, சூடானதும் சரியாகிவிட்டது.

ஓடோமீட்டரின் பல்சக்கரத்தை மாற்றியபோது, எண்ணை ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரத்துக்கு நகர்த்தி வைக்கட்டுமா என்று மெக்கானிக் கேட்டார். வாங்குபவருக்கு அது நேர்மையான செயலாகப் பட்டது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நம்முடையது மதிப்பீடு, மீட்டரில் ஏற்றிவிட்டால் அளந்த எண்ணாகிவிடும். 61,412இல் அப்படியே ஓடவிட்டு, நின்ற ஆண்டு, பெட்ரோல் கணக்கு, பழுது பார்த்த தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அம்மையாரும் அவரும் கையெழுத்திட்டுக் கோப்பில் வைத்தார்கள்.

காப்பீட்டில் மட்டும் நினைத்தது நடக்கவில்லை. 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் தரப்புப் பிரீமியம் ஆண்டுக்கு 7,897 ரூபாய்; அதில் சிக்கல் இல்லை. சொந்தச் சேதத்துக்கு ஏழு லட்சம் மதிப்பை ஒப்புக்கொள்ள, கேட்ட நிறுவனங்கள் எதுவும் முன்வரவில்லை. ஒரு நிறுவனம் ஒன்றரை லட்சம் என்று சொன்னது. அதற்குப் பிரீமியம் கட்டுவதைவிடத் தீ, திருட்டு மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். என் பழைய தொழிலின் ஆட்கள் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் ஆண்டை மட்டும் பார்த்து விலை சொன்னது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. எவாப்பரேட்டர் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும், ஏ.சி. வேலையைக் கோடைக்கு முன் முடிப்பதாகப் பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள்.